வாடகைக் கோமான்

போரின் ஆறாம் ஆண்டு, பனி மாதம் 4
பாலப் படை முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிறவளுக்கு அந்தச் சாய்மானம் இல்லாத ஸ்டூல் ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இங்கே மூன்றாவது பாலம் கட்டிக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டும் [இங்கே இரண்டு வரிகள் கருப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன]. மரமெல்லாம் ஈரமாகவே வருகிறது. ஆணி என்று நாங்கள் கூப்பிடும் என் கூட்டாளி, "இந்த மரத்துல பாலம் கட்டுனா மீனுதான் நடந்து போகும்" என்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெரிய வீட்டுக் காரியஸ்தர் முகாமுக்கு வந்தார். முன்வாசல் குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு மகனைப் போருக்கு அனுப்ப வேண்டும் அல்லவா? அவர்கள் மகனுக்கு நெஞ்சில் சளியாம். ஆறு வருஷமாகச் சளி. அவனுக்குப் பதிலாள் தேடுகிறார்கள். எங்களை வரிசையில் நிறுத்தி உயரம் அளந்தார், பல்லைப் பார்த்தார், கடைசியில் என் தோளில் கை வைத்தார்.

போர் முடியும்வரை நான் அவன் பெயரில், அவன் பட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நம் குடும்பத்தைப் பின்வாசல் தரத்திலிருந்து பக்கவாசல் தரத்துக்கு உயர்த்துவார்கள். என் பெண் வாயாடிக்கு மேல்பள்ளியில் இடம் கிடைக்கும். அவளுக்குப் பதினோரு வயது. பன்னிரண்டு முடிந்தால் சேர்க்க மாட்டார்கள். பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று பாடம் கேட்கிறாள் என்று அவள் அம்மா எழுதியிருந்தாள்.

இருபது வருஷமாக நீ குடிப் பதிவகத்தில் இந்தக் காகிதங்களோடுதான் இருக்கிறாய். கையெழுத்துப் போடலாமா, கூடாதா? மாதக் கடைசிக்குள் சொல்.

உன் தம்பி

*

பனி மாதம் 15
குடிப் பதிவகம், பின்கட்டு எழுத்தர் அறை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வாசிப்பு மேசையைத் தாண்டி ஐந்து நாள் தாமதமாக வந்தது. நம் கடிதங்களை இன்னொருவரும் படிக்கிறார் என்பது நினைவில் இருக்கிறது. அவருக்கும் என் வணக்கம். என் முதுகு பழகிவிட்டது. வாயாடிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் மனைவி நூற்பு ஆலையில் பகல் முறைக்கு மாறியிருக்கிறாள்.

நீ கேட்ட பத்திரத்தில் ஒன்பது விதிகள் உண்டு. ஏழாவதைக் காரியஸ்தர் உனக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார். [ஒரு வரி கருப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளது] வாயாடியின் படிப்பை நினைத்தால், அவளுக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். [மூன்று வரிகள் கருப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன] உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஈரத்தில் நிற்காதே.

அக்கா

*

காற்று மாதம் 2
முன்வாசல் அதிகாரிகள் கூடாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாடகைக் கோமான் நலம். சிரிக்காதே, முதுகுக்குப் பின்னால் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நேரில் "ஐயா".

உன் கடிதத்தில் பாதி கருப்பாக இருந்தது. மிச்சத்தில் உன் மனசு புரிந்தது: வாயாடிக்காக எதையும் செய்யலாம் என்று எழுதியிருந்தாய். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஒரு வசதி. முன்வாசல்காரர் எழுதும் கடிதத்தையும் அவருக்கு வரும் கடிதத்தையும் வாசிப்பு மேசையில் பிரிக்கக்கூடாது. உறையின் மேல் கோமான் என்று எழுது, உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது. நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது!

ஆகவே பேசுகிறேன். நேற்று காயம்பட்டவர்களைப் படகில் அக்கரை மருத்துவக் கூடாரத்துக்கு அனுப்பினார்கள். துணிக் கூடாரம்தான், அதிலும் கத்தரித்து மூன்று வாசல் வைத்திருக்கிறார்கள். முதல் படகில் ஒரே ஒரு ஆள் போனார். குதிரையிலிருந்து இறங்கும்போது சுண்டுவிரல் பிசகிய ஒரு கோமான், மடியில் அவருடைய நாய். கரையில் பதினேழு பேர் கிடந்தார்கள். படகோட்டி என்னையும் கூப்பிட்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்லையேப்பா."

"அதனால என்னங்கய்யா, காத்தாட வாங்க."

கிண்டலா, உண்மையான அழைப்பா, இன்னும் தெரியவில்லை. பதினேழில் ஆறு பேர் அடுத்த படகு வரும்வரை தாங்கவில்லை. நான் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்று பார்த்தேன்.

வாயாடியிடம் சொல், அப்பா ஏற்பாடு செய்துவிட்டார் என்று.

உன் தம்பி

*

காற்று மாதம் 13
பதிவகம்

தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று தொடங்குவது வழக்கம். இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன்.

உன் கடிதம் முத்திரை உடையாமல் வந்தது. மூன்று நாள் அதை நம்பாமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ சொன்னபடி இதில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அந்த ஒற்றைக் கருப்பு வரியில் நான் எழுதியிருந்தது "கையெழுத்துப் போடாதே". அடுத்த மூன்று வரிகளில் இருந்தது, அப்படித் தோன்ற வைத்துத்தான் இந்த வீடுகள் ஆள் பிடிக்கின்றன, நீயும் அதில் விழாதே என்பது. அதை மறைத்தவர் தன் வேலையைச் செய்தார். நீ மிச்சத்தை வைத்து ஒரு சம்மதத்தைக் கட்டிக்கொண்டாய். என்னிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

ஏழாவது விதி: பதிலாள் இறந்தால் இறந்தது அந்த வீட்டு மகனின் கணக்கில் போகும். மரியாதை அந்த வீட்டுக்கு. பதிலாளின் குடும்பத்துக்கு எதுவும் இல்லை, உடல்கூட இல்லை. உயிரோடு வந்து பெயரைத் திருப்பிக் கொடுத்தால் மட்டுமே பக்கவாசல். அறுபத்து மூன்று பத்திரங்களை என் கையால் நகல் எடுத்திருக்கிறேன். இதுவரை பக்கவாசலுக்கு வந்த குடும்பங்கள் நான்கு.

உன் பெயரின்மேல் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. உன் மனைவி ரொட்டிச் சீட்டு வாங்கப் போனாள்.

"புருஷன் பேரு?"

சொன்னாள்.

"அப்படி ஒருத்தரே இல்லையேம்மா."

"அப்ப இந்தப் பொண்ணு என்ன, ஆகாசத்துலேர்ந்து குதிச்சுதா?"

சீட்டு கிடைக்கவில்லை. என் சீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறோம். உன்னுடைய அந்தச் சளிக்காரனை எனக்குத் தெரியும். வண்டியிலிருந்து வாசல்வரை துணி விரித்தால்தான் இறங்குவான். எழுத்தர் அறையில் அவனுக்குப் பட்டுக்கால் என்று பெயர். போன வாரம் இந்தத் தெருவில் புதுக் குதிரையை ஓட்டிப் பார்த்தான். தும்மக்கூட இல்லை.

செத்துப்போகாதே. சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

அக்கா

*

வெயில் மாதம் 20
கூடாரம்

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. முதலில் உன்மேல் கோபம். பிறகு என்மேல். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆணி போய்விட்டான். பாலத்தின் அக்கரை முனையில் உத்திரம் சரிந்து தொடைக்குமேல் விழுந்தது. நான்தான் மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்வாசலில் இருபது பேர் நீளத்துக்கு வரிசை. முன்வாசல் காலி. உள்ளே மருத்துவர் கைகழுவிக்கொண்டு சும்மா நின்றார். எனக்குத்தான் முன்வாசல் உண்டே என்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தேன்.

"நீங்க வரலாம் ஐயா. அவர் வரக்கூடாது."

"இவன் என் தோள்மேல இருக்கான். நான் வந்தா இவனும் வந்ததுதான்."

"பட்டம் உங்களுக்குத்தான், உங்க சுமைக்கு இல்லை."

அக்கா, அந்த மருத்துவர் கெட்டவரில்லை. குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். ஆணி என் காதுக்குள், "இறக்கி விடுடா, கோமான் மேல ரத்தம் படுது" என்றான். வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தபோது கை குளிர்ந்துவிட்டது. நான் கத்தவில்லை. அவரை அடிக்கவும் இல்லை. வாயாடியின் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். என்னைவிடக் கேவலமான ஒருத்தனை இந்த முகாமில் காட்டு.

இன்னொன்று. அக்கரைக்கு மேலே மேட்டுக்காவல் என்று ஓரிடம் இருக்கிறது. அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. முன்வாசல் அதிகாரி யாரும் அங்கே போனதே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து என்னைப் போகச் சொல்லி உத்தரவு. தளபதி கைகுலுக்கி, "உங்க அப்பாவோட விருப்பம்" என்றார். நம் அப்பா செத்துப் பத்து வருஷம் ஆகிறதே என்று ஒரு கணம் யோசித்தேன்.

எல்லாரும் சாப்பிடுகிறீர்களா?

உன் தம்பி

*

மழை மாதம் 6
பதிவகம்

தம்பிக்கு,

உடனே படி. படித்ததும் எரித்துவிடு.

இன்று காரியஸ்தர் வந்தார். பின்கட்டுக்கு அவர் வருவதே இல்லை. என் மேசையில் ஓர் உறையை வைத்தார். உள்ளே மரண அறிவிப்பு. பெரிய வீட்டு மகன் மேட்டுக்காவலில் வீரமரணம் அடைந்தான் என்று எழுதி, தளபதியின் முத்திரையும் தகப்பனின் கையெழுத்தும் இட்டிருக்கிறார்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

"சேதி வந்ததும் தேதிய எழுதி ஏத்திடும்மா. மாசக் கடைசியில மரியாதைப் பட்டியல் மூடிடுவாங்க. தூதன் வர நாலு நாள் ஆகும், அப்புறம் ஓடிட்டிருக்க முடியாது பாரு."

நான் அந்தப் பதிலாளின் அக்கா என்பது அவருக்குத் தெரியாது. பின்கட்டில் இருப்பவர்களுக்கு உறவினர் இருப்பார்கள் என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

இன்னும் கேள். பதிலாள் இறந்தால் அந்த வீட்டுக்குப் பட்டியலில் ஒரு வரிப் புகழ். சொந்த மகனே இறந்தால் அரசவையில் முதல் வரிசை. ஆகவே அறிவிப்பில் "எங்கள் மகன், தானே போரிட்டு" என்று இருக்கிறது. பதிலாள் பத்திரம் எழுதப்படவே இல்லை என்று சொல்லி மூலத்தையும் நகலையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேட்டுக்குப் போகாதே. காலை உடைத்துக்கொள். கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

*

மழை மாதம் 17
பதிவகம்

தம்பிக்கு,

பதினொரு நாளாயிற்று, பதில் இல்லை. மழையில் தபால் படகு நின்றிருக்கலாம். நீயும் நின்றிருக்கலாம். எதையும் நம்பிக்கொள்ள எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமலே இருந்தேன். உன் பெயரின்மேல் சிவப்புக் கோடு போட்டவள் நான். ப வரிசையும் ம வரிசையும் என் பொறுப்பு. வேறு கைக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அளவுகோல் வைத்து, மை கசியாமல், நேராகப் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று தலைமை எழுத்தர் பாராட்டினார்.

இன்று அந்த அறிவிப்பை எடுத்து, தேதிக்கு விட்ட இடத்தில் இன்றைய தேதியை எழுதினேன். மாலை மணி அடிக்கும்போது மரணப் பதிவேட்டில் ஏற்றி முத்திரை வைப்பேன். அவர்களுக்கு வேண்டியது பட்டியல் மூடுவதற்குள் ஒரு சாவு. அதைக் கொடுத்துவிட்டால் உன்னைக் கொல்ல வேலை இல்லை. அறிவிப்பில் பதிலாள் இல்லை. அதனால் நான் எழுதப்போவது பட்டுக்காலின் சாவு. அவர்கள் மரியாதைப் பட்டியலை மட்டும் நினைத்தார்கள், பதிவேட்டை நினைக்கவில்லை. மரணப் பதிவேட்டில் ஏறிய பெயரை அரசரே வந்தாலும் எடுக்க முடியாது. பொய் வாரிசுகள் வராமலிருக்க முன்வாசல்காரர்களே போட்ட சட்டம் அது. பத்திரமே இல்லை என்றால் உன்மேல் கோடும் இருக்கக்கூடாது. அதையும் இன்றே நீக்குகிறேன். முன்வாசல் தூதன் இதைக் கொண்டு நாளைக் காலையில் தளபதியிடம் கிளம்புவான்.

பக்கவாசலும் போய்விடும். வாயாடியின் பள்ளியும். தெரிந்துதான் செய்கிறேன்.

மணி அடிக்கும்வரை நீ கோமான். இதற்குப் பிறகு எழுதுவதை மேசையில் படிப்பார்கள். நீ இருந்தால்.

அக்கா

*

அறுவடை மாதம் 3
பெரிய வீடு

பதிவக எழுத்துக்காரிக்கு,

பட்டியலில் எங்கள் குடும்பத்துக்கு முதல் வரிசை தரப்பட்டிருப்பதைக் கண்டோம். அதே சமயம் எங்கள் மகனின் பெயர் பதிலாள் பத்தியில் ஏறாமல் மரணப் பதிவேட்டில் ஏறியிருப்பதாகக் காரியஸ்தர் சொல்கிறார். என் மகன் இதோ மேல்மாடியில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நேற்று நீதிமன்றத்துக்குப் போனவனை வாசல்காவலன் இறந்தவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறான். உன் கவனக்குறைவை நாளைக்குள் திருத்து. உன்னைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே தவறு.

அவன் தாய்

*

அறுவடை மாதம் 4
பதிவகம், பின்கட்டு

மதிப்புக்குரிய பெரிய வீட்டு அம்மாளுக்கு வணக்கம். தாங்களும் ஐயாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மகனை இழந்த துயரத்தில் பதிவகம் பங்குகொள்கிறது.

அறிவிப்பில் ஐயாவின் கையெழுத்தும் தளபதியின் முத்திரையும் தெளிவாக உள்ளன. பதிலாள் பத்திரம் எதுவும் இங்கே இல்லை. அறிவிப்பு பொய் என்று தாங்கள் எழுத்தில் தந்தால் அரச நீதிமன்றத்துக்கு அனுப்பத் தடை இல்லை. மரியாதைப் பட்டியலுக்காகப் பொய்ச் சாவு எழுதிய குடும்பத்துக்கு என்ன தண்டனை என்பதைத் தங்கள் காரியஸ்தர் அறிவார்.

மேல்மாடியில் இருப்பவர் யார் என்று பதிவகத்துக்குத் தெரியாது. பெயர் இல்லாத எவரும் புதுப் பதிவு கேட்டு நேரில் வரலாம். புதுப் பதிவுகள் பின்வாசலில்தான் தொடங்கும்.

எழுத்துக்காரி

*

அறுவடை மாதம் 12
பாலப் படை முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். கடிதத்தை இனி மேசையில் படிப்பார்கள் என்பதால் செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

சென்ற மாதம் என்னை மேட்டுக்காவலிலிருந்து இறக்கிப் பழைய பிரிவிலேயே சேர்த்துக்கொண்டார்கள். முதல் வேலையாக ஒரு சின்னக் கோமானுக்குச் சவப்பெட்டி செய்யச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லையாம், பெட்டி மட்டும் ஊருக்குப் போக வேண்டுமாம். அளவு யாருக்கும் தெரியவில்லை. என் அளவுக்கே செய்தேன். நல்ல காய்ந்த தேக்கு கொடுத்தார்கள். ஆறு வருஷத்தில் பாலத்துக்கு வராத மரம். இசைக்குழு வாசித்தது. தளபதி அழுதார். பிறகு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன் கடைசி இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன, எல்லாம் முடிந்த பிறகு. படித்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வரவில்லை, அக்கா. ஆணி செத்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றது ஒரே ஒரு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை நீ ஒரு மாலையில் அடித்துவிட்டாய். நான் செத்திருந்தாலும் அது கிடைத்திருக்காது, தெரியும். ஆனாலும் என் உயிர், நான் பேசிய பேரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கே அவர்கள் கேட்காமல் செய்கிறார்கள், இங்கே நீ.

வாயாடி என்ன சொன்னாள்?

தம்பி

*

அறுவடை மாதம் 27
குடிப் பதிவகம்

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் மனைவிக்கு ரொட்டிச் சீட்டு திரும்பக் கிடைத்துவிட்டது. வாயாடியிடம் பள்ளி இல்லை என்று நான்தான் சொன்னேன். "யார் முடிவு பண்ணினது?" என்று கேட்டாள். நான் என்றேன். ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. அவளைத் தேற்ற என்னிடம் எதுவும் இல்லை. உனக்குச் சொல்லவும் இல்லை. நீ எழுதியது சரி.

அலுவலகச் செய்தி ஒன்று. வாசிப்பு மேசை ஐயா தாராளமாகப் படிக்கலாம், இதில் ரகசியம் இல்லை.

போன வாரம் பெரிய வீட்டுக் காரியஸ்தர், பெயர் இல்லாத ஓர் ஆளைப் புதுப் பதிவுக்கு அழைத்து வந்தார். அந்த வீட்டில் மகன் இறந்துவிட்டதால் தத்து எடுக்க ஆள் வேண்டுமாம். பதிவில் இல்லாதவரைத் தத்து எடுக்க முடியாது. அன்று மழை. பின்வாசலில் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். அவரும் நின்றார், பூட்ஸுக்குள் தண்ணீர். அவர் முறை வந்தது.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாது?"

"தெரிஞ்சா எதுக்குங்க புதுப் பதிவு? தொழில் என்ன?"

"தொழிலா?"

"கைவேலை. தச்சு, கொத்து, ஏதாவது."

எதுவும் இல்லை என்றார். உடம்புக்கு ஏதும் உண்டா என்று கேட்டேன். ஆறு வருஷமாகச் சளி என்றார். பதிவக மருத்துவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, ஒன்றும் இல்லை என்றார். பின்வாசல் குடி, தொழில் இல்லை, படைக்குத் தகுதி என்று எழுதி முத்திரை வைத்தேன். தத்து மனுவைக் காரியஸ்தர் உடனே நீட்டினார். அதற்கு முப்பது நாள் ஆகும். பின்வாசல் ஆணுக்குப் படை அழைப்பு மூன்று நாளில். இந்த இரண்டு எண்களையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை, இதுவரை தேவைப்படவில்லை. ஆளைக் கூட்டிப் போக வந்த வீரர்களிடம் அவர் தன் பழைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "அவருக்குத்தான் பெட்டி வந்து அடக்கமே ஆயிடுச்சே" என்றார்களாம்.

எந்தப் பிரிவு என்று எழுத ஒரு கட்டம் உண்டு. பாலப் படை என்று எழுதினேன். ஆணி போனதில் உங்கள் முகாமில் ஓர் இடம் காலிதானே. இந்தக் கடிதத்துக்கு முன்பே அவர் வந்து சேர்ந்திருக்கலாம். சுத்தியல் பிடிக்கத் தெரியாது. உத்திரத்தின் கீழே எங்கே நிற்கக்கூடாது என்பதும் தெரியாது.

சொல்லிக் கொடுப்பதா, வேண்டாமா என்று நான் எதுவும் எழுதப்போவதில்லை. இந்தத் தடவை நீ முடிவு செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா